மூன்றாவது கட்டத்தில் நான் போட்ட குறி

போன மாதம் பூஜா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றபோது என் நாற்காலிக்கு வந்தவள். கெட்டிக்காரி. "மேடம்ஜி, குஷியான சமாச்சாரம்! இனி எந்தப் பேட்டியையும் யாரும் உட்கார்ந்து கேட்க வேண்டாம். மெஷினே கேட்டு, எழுதி, பட்டியலும் போட்டுவிடும்" என்றாள் ஹிந்தியில். அச்சா, அச்சா என்று சொல்லிவிட்டு வைத்தேன். வைத்த பிறகு நெஞ்சு படபடத்தது.

என் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார். "ரிட்டையர் ஆகி மூணு வருஷம் ஆச்சு. இன்னும் ஆபீஸ் போன்னா உனக்கு பி.பி. ஏறுது" என்றார். அவர் சொல்வதில் தப்பில்லை. நான் இயல்பிலேயே பயந்தவள். கேஸை மூடினேனா என்று பார்க்க, பஸ் நிறுத்தம் வரை போய்த் திரும்பி வருகிறவள். ஆனால் அன்றைக்கு வந்த படபடப்புக்குக் காரணம் வேறு. பிறகு நானே பூஜாவைக் கூப்பிட்டேன், ஆனால் ஹிந்தியில் அதைப் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

அம்பாசமுத்திரத்தில் பி.எஸ்ஸி. முடித்தேன். கல்யாணமாகி ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸுக்கு வந்தேன். மாலை வகுப்பில் நூலகப் படிப்பு படித்தேன். டெல்லியில் ஒரு பல்கலைக்கழகத்தின் ஆவணக் காப்பகத்தில் தற்காலிக உதவியாளராகச் சேர்ந்து, நிரந்தரமாகி, ஒலிப் பிரிவில் போய் உட்கார்ந்தேன். இதில் கதை ஒன்றும் இல்லை. எங்கள் பிரிவின் வேலை இரண்டு. ஆராய்ச்சியாளர்களின் குறிப்பேடுகளையும் அளவுப் பதிவுகளையும் வாங்கிப் பத்திரப்படுத்துவது ஒன்று. அந்த ஆராய்ச்சிகளில் இருந்தவர்களைப் பேசவைத்துப் பதிவு செய்வது மற்றொன்று. பேராசிரியர்கள் மட்டுமல்ல, கண்ணாடிக் குழாய் கழுவியவர், ஜீப் ஓட்டியவர் எல்லோரும் பேசுவார்கள்.

எங்கள் மேலதிகாரி பட்நாகர் சார். ஒல்லியான மனிதர். குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. முடியாது என்று சொல்ல மாட்டார், "தேக்தே ஹைன்", பார்க்கலாம் என்பார். அவர் பார்க்கலாம் என்றால் அந்தக் காரியம் நடக்காது என்று கடைநிலை ஊழியர் வரை தெரியும். ஆவணம் இருக்கும் அறைக்குள் பேனா கூடாது, பென்சில்தான். காலையில் வந்ததும் எங்கள் விரல் நகங்களைப் பார்ப்பார். நாற்பது வயதில், இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான பின், நகத்தைக் காட்டிக்கொண்டு நிற்க எனக்கு வெட்கமாக இருக்கும்.

ஒரு பழக்கம் அவருக்கே உரியது. காஸெட்டின் முதுகில் இரண்டு சின்ன பிளாஸ்டிக் பற்கள் இருக்கும். அவற்றை ஒடித்துவிட்டால் அதன்மேல் வேறு எதையும் பதிய முடியாது. ஒவ்வொரு பேட்டி முடிந்ததும் நாடாவை அவரிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு காகிதக் கத்தியை எடுத்து, டக், டக் என்று இரண்டு பற்களையும் ஒடித்து, ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போடுவார். அந்தச் சத்தம் கேட்டால்தான் எங்களுக்குப் பேட்டி முடிந்த மாதிரி. "இனி இவர் சொன்னதை யாராலும் மாற்ற முடியாது. அவராலும் முடியாது" என்பார்.

இன்னொரு விதியும் உண்டு. பேட்டி எடுத்தவர் மூன்று நாளுக்குள் நாடாவை முழுதாகக் கேட்டுச் சுருக்கம் எழுத வேண்டும். கூட இருந்து கேட்டேனே, திரும்ப எதற்குக் கேட்க வேண்டும் என்று புதிதில் எனக்கு எரிச்சலாக இருந்தது. அந்த எரிச்சலை ஒரு வேதியியல் பேராசிரியை தீர்த்து வைத்தார்.

எண்பது வயது அம்மாள். முக்கால் மணி நேரம் அருமையாகப் பேசினார். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. வீட்டை விட்டு வெளியே வந்த பிறகுதான் பார்த்தேன், நாடாவை நிறுத்தி வைக்கும் பாஸ் பொத்தான் அழுந்தியிருந்தது. விளக்கு எரிந்திருக்கிறது, நாடா நகரவே இல்லை. ஆபீஸுக்குப் போய் அழுதுகொண்டே சொன்னேன். பட்நாகர் சார் திட்டவில்லை. ஒரு கட்டு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினார். "நினைவில் இருப்பதையெல்லாம் எழுதுங்கள், கோமதிஜி" என்றார். பன்னிரண்டு பக்கம் எழுதினேன். ஒரு வார்த்தை விடவில்லை என்று எனக்கு நம்பிக்கை.

அடுத்த வாரம் அவரே போய் அதே அம்மாளிடம் மறுபடி பேட்டி எடுத்தார். நாடாவை ஓடவிட்டு, என் பன்னிரண்டு பக்கத்தையும் பக்கத்தில் வைத்து, பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே வந்தார். கடைசியில் சொன்னார்: "உங்கள் பேராசிரியை மூன்று இடத்தில் அழுகிறார். என் பேராசிரியை ஓரிடத்திலும் அழவில்லை." எனக்கு அவமானமாகப் போயிற்று. அம்மாளுக்கு இரண்டாம் தடவை சொல்லும்போது அழுகை வற்றிப் போயிருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். எனக்கு நினைவாற்றல் அதிகம், பள்ளிக்கூடத்திலேயே பேர் வாங்கியவள். அந்தச் சமாதானத்தை நான் வெகுகாலம் விடவில்லை.

இனி ஆறுமுகம் அண்ணாச்சி.

எங்கள் பல்கலைக்கழகத்தில் மிஸ்ரா என்று ஒரு நிலவியல் பேராசிரியர் இருந்தார். டெல்லியின் மேற்கு ஓரத்துக் கிராமங்களில் கிணற்று நீர்மட்டத்தை முப்பது வருடம் விடாமல் அளந்தவர். அளந்தவர் என்று உலகம் சொல்லும். கையால் அளந்தது ஆறுமுகம். சேலம் பக்கத்துக்காரர். கட்டட வேலைக்கு டெல்லி வந்து, குடிசைப் பகுதி ஒன்றில் தங்கி, மிஸ்ராவிடம் தினக்கூலியாகச் சேர்ந்து அப்படியே நின்றுவிட்டவர். மாதா மாதம் முதல் வாரத்தில் சைக்கிளில் கிளம்பி ஒவ்வொரு கிணறாகப் போவார். இரும்பு அளவு நாடாவின் நுனியில் நீலச் சாக்பீஸைத் தேய்த்துக் கிணற்றுக்குள் இறக்குவார். மேலே இழுத்தால் தண்ணீர் தொட்ட இடம் வரைக்கும் சாக்பீஸ் பூச்சு கறுத்திருக்கும். அந்தக் கோட்டை வைத்துக் கணக்கிட்டு நோட்டில் எழுதுவார். மிஸ்ரா தம் புத்தகத்தின் முன்னுரையில் அவர் பெயரைப் போட்டு நன்றி சொல்லியிருந்தார். தம் பெயர் அச்சில் வந்த அந்தப் பக்கத்தை ஆறுமுகம் மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார்.

அந்த நோட்டுகள் காப்பகத்துக்கு வந்தபோது ஆறுமுகத்தையும் பேட்டி எடுப்பது என்று முடிவாயிற்று. அவருக்கு ஹிந்தி பேச வரும், ஆனால் மனசு தமிழில்தான் ஓடும். ஆபீஸில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்தி. இது நடந்து இருபது வருடத்துக்கு மேல் இருக்கும்.

முதல் ஒரு மணி நேரம் கிணறுகளைப் பற்றிச் சொன்னார். எந்தக் கிணற்றில் பாம்பு, எந்த வீட்டில் மோர் கொடுப்பார்கள் என்றெல்லாம். பிறகு சட்டைப் பையைத் தடவினார். "ஒண்ணு சொல்லணுமுங்கம்மா" என்றார்.

ஒரு வருடம் அவர் மனைவி செல்லம்மா நுரையீரல் நோயால் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லை. பக்கத்துக் கிணறுகளுக்கு மட்டும் ஓடிப்போய் அளந்துவிட்டு வந்தார். தூரத்துக் கிணறுகள் பதினொன்றுக்கு ஒன்பது மாதம் போகவே இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, முந்தின வருடத்து நோட்டைப் பார்த்து, ஒரு விரல் கூட்டி, இரண்டு விரல் குறைத்து எழுதிவிட்டார். மிஸ்ரா அதை அப்படியே நம்பினார். "அய்யா என்னைய நம்பிப் பேரு போட்டாருங்க. அவரு காதுல இது விழக்கூடாது" என்று அழுதார். இந்த அழுகை என் கற்பனை இல்லை, நாடாவில் இருக்கிறது.

பேட்டி முடிந்ததும் ஒப்புதல் படிவம் நிரப்ப வேண்டும். ஆங்கிலப் படிவம். நான்தான் தமிழில் சொல்லிக் கேட்டு நிரப்புவேன். அதில் மூன்று கட்டங்கள் இருந்தன. யாரும் கேட்கலாம் என்பது முதல் கட்டம். இத்தனை வருடம் மூடி வைக்க வேண்டும் என்பது இரண்டாவது. குறிப்பிட்ட ஒருவர் காலமாகும்வரை மூடி வைக்க வேண்டும் என்பது மூன்றாவது. ஒருவருக்கு மட்டும் தெரியக்கூடாது என்பதற்குக் கட்டமே கிடையாது. நான் மூன்றாவதில் குறி போட்டு, மிஸ்ராவின் பெயரை எழுதினேன். "அய்யா இருக்கிற வரைக்கும் பத்திரமா இருக்கும் அண்ணாச்சி" என்றேன். தலையை ஆட்டிக் கையெழுத்துப் போட்டார்.

பட்நாகர் சாரிடம் விஷயத்தைச் சொன்னேன். வழக்கம்போல இரண்டு பற்களை ஒடித்துப் பாட்டிலில் போட்டார். காஸெட்டைப் பழுப்பு உறையில் இட்டு அரக்கு வைத்தார். மூடிய நாடாக்களை யாரும் கேட்கக் கூடாது, பேட்டி எடுத்தவரும்கூட. அதனால் மூன்று நாள் விதி இதற்குக் கிடையாது. உறையை இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு என்னைப் பார்த்தார். "இதில் இருப்பது இதுவரை உங்களுக்குத் தெரியும். இனி தெரியாது."

நான் சொன்னபடி கேட்கிறவள். தெரியாது என்றால் தெரியாது. வீட்டுக்காரரிடம்கூட மூச்சு விடவில்லை. பட்நாகர் சார் ஓய்வு பெற்றார், சில வருடங்களில் இறந்தும் போனார். மிஸ்ரா மட்டும் இறக்கவில்லை. இப்படி எழுதுவது பாவம்தான், ஆனால் அந்த வருடங்களில் நான் நினைத்தது இதுதான். தொண்ணூறைத் தாண்டி, மகள் வீட்டில் புனேவில் இருந்தார். ஒவ்வொரு புதுவருடத்துக்கும் காப்பகத்துக்கு வாழ்த்து அட்டை வரும். அதைப் பார்த்ததும், நல்லவேளை என்று ஒரு மனசும், ஐயோ என்று ஒரு மனசும் சொல்லும். அதற்குள் கிணற்று நோட்டுகள் ஸ்கேன் செய்யப்பட்டு இணையத்தில் ஏறிவிட்டன. பதினொரு கிணறுகளின் ஒன்பது மாதமும் அதில் இருந்தன. ஏற்றும் கோப்பில் சரிபார்த்ததாகக் கையெழுத்துப் போட்டது நான்.

ஓய்வு பெற எனக்கு ஒரு வருடம் இருந்தபோது ரித்திகா வந்தாள். ஆராய்ச்சி மாணவி. அந்த நோட்டுகளை வைத்துத்தான் அவள் ஆய்வு. ஒரு நாள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு என் மேஜைக்கு ஓடி வந்தாள். "மேடம், இதைப் பாருங்க! மழையே பெய்யாத வருஷம். எல்லாக் கிணறும் இறங்கியிருக்கு. இந்தப் பக்கத்துப் பதினொண்ணு மட்டும் இறங்கவே இல்லை!"

எப்படி இறங்கும்? முந்தின வருடம் நல்ல மழை. அந்த நோட்டைப் பார்த்துத்தானே அண்ணாச்சி விரலைக் கூட்டிக் குறைத்தார்.

அவளோ, அந்தப் பக்கம் பூமிக்கடியில் எங்கிருந்தோ தண்ணீர் ஊறுகிறது என்று முடிவு கட்டியிருந்தாள். அவளுடைய பேராசிரியர் ஒரு குடியிருப்புத் திட்டத்துக்கு ஆலோசகர். அங்கே வரப்போகும் வீடுகளுக்கு அதே இடத்தில் ஆழ்துளைக் கிணறுகள் போடலாம் என்று அறிக்கை தயாராகிறதாம். ஏதேதோ கேட்டாள். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை.

"மழை இல்லாத வருஷம்னா... அந்த மாசங்களை வேற எதுலயாவது சரிபார்த்தியா?" என்று கேட்டேன். "வேற பதிவே இல்லையே மேடம். அதனாலதானே இது பொக்கிஷம்!" என்றாள். அதற்குமேல் ஒரு சொல் சொன்னால் அரக்கை உடைத்த மாதிரி. வாயை மூடிக்கொண்டேன்.

அந்த மூன்று வாரம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சோறு இறங்கவில்லை. மெட்ரோவில் இறங்க வேண்டிய நிலையத்தைத் தாண்டிப் போனேன். சொல்லாவிட்டால், யாரோ முகம் தெரியாதவர்கள் வீடு வாங்கி, குழாயைத் திறந்துவிட்டுக் காற்று வாங்குவார்கள். சொன்னால், என்னை நம்பி அழுத மனிதனுக்குத் துரோகம். புது இயக்குநர் சௌத்ரி சாரிடம், பெயர் சொல்லாமல், ஒரு மூடிய நாடாவை இடையில் திறக்கலாமா என்று சுற்றி வளைத்துக் கேட்டேன். "படிவம் படிவம்தான். கொடுத்தவர் தானே எழுதித் தந்தால் திறக்கலாம். வேறு வழியில்லை" என்றார். கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்பதே எனக்குத் தெரியாது. இத்தனை வருடத்தில் மிஸ்ராவின் ஆயுளைப் பற்றி நினைத்தேனே தவிர, ஆறுமுகத்தைப் பற்றி நினைத்ததே இல்லை.

படிவத்தில் இருந்த முகவரிக்குப் போனேன். குடிசைகள் போய் அங்கே பூங்கா வந்திருந்தது. மலை மந்திர் முருகன் கோயிலில் ஒரு கிருத்திகை அன்று, வாசலில் பூ விற்கும் அம்மாளிடம் விசாரித்தேன். அந்தக் குடிசைக்காரர்களை டெல்லியின் வடக்கு ஓரத்தில் நரேலா பக்கம் கொண்டுபோய்ப் போட்டார்கள் என்றும், சைக்கிள் ஆறுமுகமென்றால் அங்கே எல்லாருக்கும் தெரியும் என்றும் சொன்னாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மெட்ரோ, பஸ், பேட்டரி ரிக்‌ஷா என்று மாறி மாறிப் போய்ச் சேர்ந்தேன்.

ஓர் அறை வீடு. வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. கதவருகில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தது செல்லம்மா. ஒன்பது மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்த அதே செல்லம்மா, கணவரைவிடத் திடமாக இருந்தார்.

"யாரு?" என்றார் ஆறுமுகம்.

"நான்தான் அண்ணாச்சி, கோமதி. யூனிவர்சிட்டியில உங்க பேச்சை ரெக்கார்டு பண்ணினேனே."

"ஆ?"

"அவருக்குக் காது கேக்காதுங்கம்மா, சத்தமாச் சொல்லுங்க" என்றார் செல்லம்மா.

இருபது வருடமாக அரக்கு வைத்துக் காத்த ரகசியத்தை, நரேலாவின் அந்தத் தெருவே கேட்கும்படி கத்திச் சொன்னேன். அதிலும் பாதித் தெரு தமிழ்க்காரர்கள். இரண்டு ஜன்னல்கள் திறந்தன. சொல்லி முடித்து, "அந்தப் பேச்சைத் திறக்க நீங்க கையெழுத்துப் போடணும், உங்களைக் கட்டாயப்படுத்த மாட்டேன்" என்றேன்.

ஆறுமுகம் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "அதை இன்னும் திருத்தலீங்களா?"

"எதை?"

"நோட்டைத்தானுங்க. அதுக்குத்தான அன்னிக்கு உங்ககிட்ட அம்புட்டையும் சொன்னேன். அய்யாவுக்குத் தெரியாம நீங்க சரிபண்ணிருவீங்கன்னுதான சொன்னேன்."

"இல்ல அண்ணாச்சி. யாரும் கேக்கக் கூடாதுன்னுல்லா சொன்னீய. அதனாலதான் மூடி வச்சேன்."

"நானா சொன்னேன்? அய்யா காதுல விழக்கூடாதுன்னு சொன்னேன். ஊருக்கே தெரியக்கூடாதுன்னா சொன்னேன்?"

"அப்படித்தான் சொன்னீய. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு." கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன். வயதாகிவிட்டது, மனிதருக்கு எல்லாம் குழம்பிவிட்டது என்று நினைத்தேன்.

செல்லம்மா பூண்டை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "இவரு வூட்டுக்கு வந்து அன்னிக்கே சொன்னாருங்கம்மா. பாரம் எறங்கிருச்சு, அந்த ஆபீஸ் அம்மா பாத்துக்குவாங்கன்னு. எனக்கு அதெல்லாம் நல்லாத் தெரியும். என் நோவைச் சொல்லித்தான பொய்க் கணக்கு எழுதுனாரு, நான் மறப்பனா?"

எந்தெந்த மாதம், எந்தெந்தக் கிணறு என்று கேட்டேன். அவருக்கு நினைவில்லை. "அன்னிக்கு வரிசையாச் சொன்னனுங்களே, அதுலயே இருக்கும்" என்றார். மிஸ்ரா அய்யா இப்போது படிப்பாரா என்று மட்டும் விசாரித்தார். கண் தெரியவில்லையாம் என்றேன். "அப்ப சரி" என்று சொல்லி, தமிழில் கையெழுத்துப் போட்டார். திறக்கிற அன்றைக்குத் தாமும் வருவதாகச் சொன்னார்.

திரும்பி வரும் வழியெல்லாம் எனக்குப் புதுப் பயம். நாடா ஓடுமா? மூடிய நாடா என்பதால் அதற்குப் பிரதி எடுக்கவில்லை. இருபது வருடக் கோடையும் குளிரும் அந்த இரும்பு அலமாரிக்குள்தான் கழிந்திருக்கின்றன.

குறித்த நாளில் ஆறுமுகம் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். ஒலி அறையில் சௌத்ரி சார், அவர், நான் மூவர்தான். அரக்கை உடைத்தேன். பயந்தது சரிதான். நாடாவை, அதைப் படிக்கும் ரெக்கார்டர் தலையோடு சேர்த்து அழுத்திப் பிடிக்கும் ஒரு சின்னக் கம்பளித் துண்டு காஸெட்டுக்குள் இருக்கும். அதன் பசை காய்ந்து துண்டு உதிர்ந்து கிடந்தது. அது இல்லாமல் ஓடவிட்டால் குரல் மங்கி, தேய்ந்துதான் வரும். நல்ல கூடு ஒன்றை எடுத்து, ஐந்து திருகாணிகளைக் கழற்றி, பழைய நாடாவை அதற்குள் மாற்ற வேண்டும். நூறு தடவை செய்த வேலை. அன்றைக்குத் திருகாணி கையில் நிற்கவில்லை. ஒன்று கீழே விழுந்து உருண்டது. சௌத்ரி சார் குனிந்து தேடி எடுத்துக் கொடுத்தார். ரெக்கார்டர் தலையை ஸ்பிரிட்டால் துடைத்தேன். வேகமாகச் சுற்றாமல் மெதுவாக ஒருமுறை ஓடவிட்டுத் திரும்பக் கொண்டுவந்தேன். பாஸ் பொத்தானை நான்கு தடவை பார்த்தேன். நாடாவை ஓடவிட்டு, பக்கத்தில் பிரதியும் எடுத்தேன்.

குரல் வந்தது. கரகரப்போடு, ஆனால் தெளிவாக. பாம்பு, மோர், சைக்கிள் எல்லாம் வந்தன. ஒன்று சொல்ல வேண்டும் என்று தொடங்கினார். மாதங்களை வரிசையாகச் சொன்னார், கிணறுகளை ஊர்ப் பெயரோடு சொன்னார். பென்சிலால் எழுதிக்கொண்டே வந்தேன். எனக்கு மூச்சு திரும்பிக்கொண்டிருந்தது.

அதற்குப் பின் இது வந்தது.

"நோட்டுல அதைச் சரிபண்ணிருங்கம்மா. அது பொய்க் கணக்குன்னு எழுதி வச்சிருங்க. படிக்கிறவங்க ஏமாந்துரக் கூடாதுங்க. அய்யா காதுல மட்டும் விழ வேணாம்."

உடனே ஒரு பெண் குரல். இளசான, அவசரமான குரல். "சரி அண்ணாச்சி, பண்ணிடுதேன். நீங்க கவலைப்படாதீய. இந்தப் படிவத்துல மட்டும் ஒரு கையெழுத்து..." அதோடு டக்கென்று நின்றது.

என் ஊர்ப் பேச்சு. டெல்லியில் அந்த ஆபீஸில் வேறு யாரும் அப்படிப் பேச முடியாது. பண்ணிடுதேன் என்று நான் சொல்லியிருக்கிறேன். படிவத்தில் கட்டம் இருந்ததைச் செய்தேன். கட்டம் இல்லாததை மறந்தே போனேன். வெறுமனே மறந்திருந்தால்கூடப் பரவாயில்லை. இருபது வருடமாக அந்த இடத்தில் வேறொன்றை நானே எழுதி வைத்து, அதைக் காப்பாற்றுவதாக நினைத்து நடுங்கியிருக்கிறேன்.

"கடைசியில் என்ன சொன்னார்கள்?" என்று சௌத்ரி சார் கேட்டார். அவர் பஞ்சாபி, ஒரு தமிழ் வார்த்தை தெரியாது. அறையில் தமிழ் தெரிந்தவர்கள் இருவர். ஒருவருக்குக் காது கேட்காது. மாதமும் கிணறும்தான் தேவை, அது கிடைத்துவிட்டது. அந்த இரண்டு வரியை நான் விட்டுவிட்டால் கேட்பாரில்லை. அப்படியும் நினைத்தேன், அதை மறைக்க மாட்டேன். எட்டு மாதத்தில் ஓய்வு. மாலை, சால்வை, நல்ல வார்த்தை நாலு. இதை எழுதினால் என் கோப்பில் என்ன ஏறும்?

மேஜை மேல் பட்நாகர் சாரின் ஹார்லிக்ஸ் பாட்டில் இருந்தது. யாரும் அதைத் தூக்கிப் போடவில்லை. இந்தக் காஸெட்டின் இரண்டு பற்களும் அதற்குள்தான் எங்கோ கிடக்கின்றன.

"அன்றைக்கே திருத்தச் சொல்லியிருக்கிறார். நான் சரி என்றிருக்கிறேன். செய்யவில்லை" என்று ஹிந்தியில் சொன்னேன். சௌத்ரி சார் என் தாளைக் காட்டினார். "அதையும் எழுதுங்கள்" என்றார். எழுதினேன்.

பலன் என்ன என்று கேட்பீர்கள். இணையத்தில் அந்த ஒன்பது மாதத்துக்குப் பக்கத்தில் திருத்தக் குறிப்பு ஏறியது. என் பெயரில் ஒரு மெமோவும் வந்தது. ரித்திகா அழுதாள், பிறகு கோபப்பட்டாள். ஒரு வருட உழைப்பு போனது, கோபப்படாமல் என்ன செய்வாள்? பேராசிரியர் அறிக்கையைத் திரும்பப் பெற்றார். அதற்குள் அங்கே இரண்டு ஆழ்துளைக் கிணறுகள் போட்டுவிட்டார்கள். கோடையில் அந்தப் பக்கம் தண்ணீர் லாரி போவதைப் பார்த்தால் நான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். படிவத்தில் இப்போது நான்காவதாக ஒரு கட்டம் இருக்கிறது, கொடுப்பவர் தம் வார்த்தையிலேயே சொல்ல. பூஜாவிடம் போனில் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: மெஷின் கேட்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. பேட்டி எடுத்தவளும் ஒரு தடவை கேட்கட்டும். சொன்னவர் என்ன சொன்னார் என்பதற்கு மட்டுமல்ல, தான் என்ன சொன்னாள் என்பதற்காகவும்.

அன்றைக்கு அந்த அறையில், நான் எழுதி முடித்து வெகுநேரம் நிமிராமல் இருந்ததைப் பார்த்து ஆறுமுகம் பதறிவிட்டார். பாவம், அவருக்கு ஒன்றுமே கேட்டிருக்கவில்லை.

"என்னாச்சுங்கம்மா? பேச்சு வரலீங்களா? நாடா கெட்டுப்போச்சுங்களா?"

எழுந்து போய் அவர் காதருகே குனிந்தேன். "வந்துச்சு அண்ணாச்சி. நல்லா வந்துச்சு. நீங்க சொன்னதுதான் சரி. நான் பண்ணிடுதேன்னு சொல்லியிருக்கேன்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அதானுங்களே! நீங்க அப்படிச் சொன்னீங்க பாருங்க, அன்னையில இருந்துதானுங்கம்மா நான் நிம்மதியாத் தூங்குறேன்."